உலோக இரும்பின் வினைத்திறன் சோதனை

மாசடைந்த நீரைத் தூய்மையாக்கப் பயன்படும் இரும்புத்தூள், துகள், சீவல் போன்றவை எவ்வளவு வேகமாக வினைபுரிகின்றன என்பதை அளப்பதே உலோக இரும்பின் வினைத்திறன் சோதனை ஆகும். இரும்பு அரிக்கப்படும்போது எலக்ட்ரான்களை இழக்கிறது. டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் அவற்றை ஏற்று, குளோரினை இழந்து சிதைகின்றன. நச்சுமிக்க குரோமியம்(VI), எளிதில் கரையாத குரோமியம்(III) ஆக மாறிப் படிகிறது.

தொடக்கம்

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்கான குடிநீர் 1880களிலேயே இரும்பைக் கொண்டு தூய்மையாக்கப்பட்டது. இரும்பு கலந்த வடிகட்டிப் படுகைகள் அடைத்துக்கொண்டதால், சுழலும் உருளைக்குள் நீரையும் இரும்பையும் கலக்கும் முறை பின்னர் கையாளப்பட்டது.

நூறாண்டுகளுக்குப் பின், 1980களில், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிலத்தடி நீர் மாதிரி எடுக்கும் பொருள்களைச் சோதித்தனர். உலோகத்தைத் தொட்ட நீரில் குளோரின் சேர்மங்கள் குறைவதைக் கண்டனர். இராபர்ட் கில்லாம் குழுவினர் 1991இல் ஒண்டாரியோவின் போர்டன் தளத்தில் இரும்புத்துகளும் மணலும் கலந்த சுவரை நிலத்தடியில் அமைத்தனர். முதல் வணிகச் சுவர் கலிபோர்னியாவின் சன்னிவேலில் 1990களின் நடுவில் அமைந்தது.

அளவீட்டுச் சிக்கல்

எல்லா இரும்பும் ஒன்றுபோல் வினைபுரிவதில்லை. கார்பன் அளவு, துகளின் பருமன், மேற்பரப்பில் படிந்த துரு ஆகியவற்றால் வேகம் மாறுகிறது. ஒவ்வோர் ஆய்வகமும் வெவ்வேறு இரும்பைப் பயன்படுத்தியதால் முடிவுகளை ஒப்பிட முடியவில்லை. 1996இல் ஜான்சன், செரர், டிராட்னியெக் ஆகியோர் வினைவேகத்தை இரும்பின் மேற்பரப்பளவால் வகுத்து ஒப்பிட்டனர். வேறுபாடு பெரிதும் குறைந்தது. ஆயினும் முற்றிலும் நீங்கவில்லை.

எளிய சோதனைகள்

செர்மனியில் சிக்குவா நுபக்டெப் குழுவினர் 2000களில் ஈடிடிஏ சோதனையை முன்வைத்தனர். நீர்த்த ஈடிடிஏ கரைசலில் இரும்பை இட்டு, கரைந்த இரும்பின் அளவை நாள்தோறும் அளப்பது இம்முறை. ஈடிடிஏ இரும்பு அயனிகளைப் பிணைத்துக் கரைசலிலேயே வைத்திருப்பதால், கரையும் வேகம் நேரடியாகத் தெரிகிறது. 2019இல் வெளியான பெனாந்த்ரோலின் சோதனையில், இரும்பு(II) அயனி தரும் செம்மஞ்சள் நிறத்தின் செறிவு அளக்கப்படுகிறது.

முக்கியத்துவம்

நிலத்தடியில் புதைத்த சுவரை எளிதில் தோண்டி மாற்ற இயலாது. வங்காளதேசத்தில் ஆர்சனிக்கை நீக்கும் சோனோ வடிகட்டியும் இரும்பையே நம்பியுள்ளது. வினைத்திறன் குறைந்த இரும்பைத் தேர்ந்தால் நஞ்சு குடிப்பவரைச் சென்றடையும். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத இடங்களிலும் இரும்பை முன்கூட்டியே தெரிவு செய்ய இத்தகைய எளிய சோதனைகள் உதவுகின்றன.