குடியேறிகளும் நீதிமன்றமும்

வழக்குத் தொடுப்பவரே தீர்ப்பும் கூறலாகாது என்பது நீதிமுறையின் அரிச்சுவடி. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒருவகை நீதிமன்றம் உண்டு. அங்கே கறுப்பு அங்கி அணிந்த நீதிபதி சாட்சிகளை விசாரிக்கிறார். அயல்நாட்டார் ஒருவர் அந்நாட்டில் தங்கலாமா, வெளியேற வேண்டுமா என்று தீர்ப்பளிக்கிறார். ஆனால் அவர் நீதித்துறையைச் சேர்ந்தவர் அல்லர். அரசாங்கத்தின் அட்டர்னி ஜெனரலால் நியமிக்கப்பெற்று, அவருக்குக் கீழ்ப்பட்டுப் பணிபுரியும் நிர்வாக ஊழியர். இவ்விந்தை எவ்வாறு ஏற்பட்டது என்பதைச் சிறிது காண்போம்.

1891-ஆம் ஆண்டில் நிஷிமுரா எகியு என்னும் ஜப்பானியப் பெண் ஸான்பிரான்ஸிஸ்கோவில் வந்து இறங்க முயன்றார். பிழைக்க வழியின்றிப் பொதுமக்களுக்குச் சுமையாவார் என்று கருதி, அதிகாரி அவரைத் தடுத்தார். அவர் உச்ச நீதிமன்றம் வரை முறையிட்டார். அவ்வதிகாரியின் முடிவே போதுமானது என்று 1892-ல் அம்மன்றம் கூறிவிட்டது.

1903-ல் யமடயா என்னும் மற்றொரு ஜப்பானியப் பெண்ணின் வழக்கு வந்தது. நாட்டிற்குள் வந்துவிட்ட ஒருவரை, அவர் சொல்வதைக் கேளாமலே வெளியேற்றலாகாது என்று மன்றம் அறிவித்தது. ஆனால், ஆங்கிலம் அறியாத தமக்கு விசாரணையின் பொருளே விளங்கவில்லை என்று அப்பெண் கூறியதை ஏற்கவில்லை. நெறி வென்றது, பெண் தோற்றார்.

1940-ல் குடியேற்ற இலாகா தொழில் இலாகாவினின்று நீதி இலாகாவுக்கு மாற்றப்பெற்றது. மேல்முறையீட்டு வாரியமும் அவ்வாண்டிலேயே அமைந்தது. எனினும், விசாரிப்பவரும் வழக்கை நடத்துபவரும் ஒரே இலாகாவினராகவே இருந்தனர். வாங் யாங் சுங் என்னும் சீனரின் வழக்கில், 1950-ல், உச்ச நீதிமன்றம் இக்கலப்பைக் கண்டித்தது. சில மாதங்களுக்குள் காங்கிரஸ் சபை ஒரு நிதிச் சட்டத்தின் வாயிலாக அத்தீர்ப்பின் பிடியிலிருந்து இலாகாவை விடுவித்துவிட்டது.

1954-ல் அக்கார்டி என்பவர் வழக்கு எழுந்தது. அட்டர்னி ஜெனரல் தயாரித்த பட்டியலில் தம் பெயர் இருந்ததால், வாரியம் முன்னரே முடிவு செய்துவிட்டது என்பது அவர் முறையீடு. விதி நடப்பில் இருக்கும்வரை, அதனை வகுத்தவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. வாரியம் தன் அறிவின்படியே தீர்மானிக்க வேண்டும் என்பது மன்றத்தின் முடிவு. பின்னர் நடந்த விசாரணையில் அவர் கூற்று மெய்ப்பிக்கப்படவில்லை. 1955-ல் அவர் தோற்றார். ஆனால் அந்நெறி இன்றும் மேற்கோளாக விளங்குகிறது.

1973-ல் விசாரணை அதிகாரிகள் 'குடியேற்ற நீதிபதி' என்னும் பெயரும் அங்கியும் பெற்றனர். 1983-ல் அவர்கள் குடியேற்ற இலாகாவினின்று பிரிக்கப்பெற்று, வாரியத்துடன் சேர்ந்து நீதி இலாகாவிலேயே தனி அலுவலகமாயினர். 2003-ல் பழைய இலாகா கலைக்கப்பட்டு, வழக்கு நடத்தும் பொறுப்பு உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவுக்குச் சென்றது. இவ்வாறு வழக்காடுபவரும் தீர்ப்பளிப்பவரும் பிரிந்தனர்.

நீதிபதியின் தீர்ப்பில் குறை காண்பவர் வாரியத்திடம் முறையிடலாம். வாரியத்தின் முடிவையும் அட்டர்னி ஜெனரல் தம்மிடம் வரவழைத்து மாற்றலாம். அதன் பின்னரே, 30 நாட்களுக்குள், உண்மையான நீதித்துறையைச் சேர்ந்த வட்டார அப்பீல் நீதிமன்றத்தை அயல்நாட்டார் அணுக முடியும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. நாடு கடத்தல் குற்றத்திற்குரிய தண்டனை அன்று என்பது அந்நாட்டுச் சட்டத்தின் கருத்து. ஆதலின், குற்றவாளிக் கூண்டில் நிற்கும் ஏழைக்கு அரசாங்கம் வக்கீலை அமர்த்தித் தருகிறது. இங்கோ அயல்நாட்டார் தம் செலவிலேயே வக்கீலைத் தேடிக்கொள்ள வேண்டும். உயிருக்கு அஞ்சித் தாயகம் விட்டு வந்தவர்க்குத் திருப்பி அனுப்பப்படுவதைவிடக் கொடிய தண்டனை வேறு என்ன?

நீதிபதிக்கு அங்கி அளிப்பது எளிது. தம்மை நியமித்தவரின் விருப்பத்திற்கு மாறாகவும் தீர்ப்புக் கூறும் உரிமையை அளிப்பதே அரிது. நூறாண்டுகளுக்கு மேலாக அமெரிக்கக் குடியேற்ற வழக்குகளில் தீராமல் நிற்கும் வினா இதுவே.