விராலிமலைச் சாலையில் ஒரு மேனாட்டுக் குழல்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்ததும் ஒரு பாறைக்குன்று தென்படும். மயில்கள் உலவும் விராலிமலை அது. நம்மவருள் பலர் பேருந்தில் இருந்தபடியே அக்குன்றைக் கண்டு கடந்திருப்பர். அதன் மீதுள்ள முருகன் கோயிலில் ஒரு காலத்தில் 32 பெண்டிர் சதிர் ஆடும் பணியில் இருந்தனர். அவர்களுள் கடைசியாக எஞ்சியவர் முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் கோயிற்பணிக்கு வந்த அவருக்கு, முதுமையில், 2022ஆம் ஆண்டில், பத்மஸ்ரீ விருது வந்தது. இடைப்பட்ட காலத்தில் என்ன நிகழ்ந்தது என்பது தமிழகத்தின் சமூக வரலாறு. 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பெண்டிரைப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆயின் அவ்வழக்கத்தோடு பிணைந்து கிடந்த ஆடலும் பாடலும் ஆதரவிழந்தன. அந்த ஆடலுக்குப் பின்னே நின்று இசைத்தவர்களைப் பற்றியோ எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அவர்களுள் ஒரு சாரார் கிளாரினெட் வாசித்தவர்கள். மேனாட்டுக் கருவிக்குச் சதிரில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். கோயிலில் நாகசுரமும் தவிலும் முழங்கும் குழுவைப் பெரிய மேளம் என்றும், ஆடலுக்கு இசைக்கும் குழுவைச் சின்ன மேளம் என்றும் முன்னோர் வழங்கினர். சின்ன மேளத்தில் முன்பு முகவீணை என்னும் சிறுகுழல் இடம்பெற்றிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தைக் கிளாரினெட் பற்றிக்கொண்டது. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னரின் அவையில் மேனாட்டு பேண்டு இசை ஒலித்துக்கொண்டிருந்தது. கும்பினியாரின் படைகளோடும் அத்தகைய பேண்டுகள் ஊர் ஊராகச் சென்றன. அங்கிருந்து இக்கருவியை எடுத்துச் சதிர்க் குழுவில் சேர்த்தவர் என்று மகாதேவ நட்டுவனாரின் பெயரைச் சொல்வர். பின்னாளில் பாலசரசுவதி அம்மையார் ஆடியபோதும் இராதாகிருஷ்ண நாயுடு என்பாரின் கிளாரினெட் உடனிருந்தது.

நம் வீடுகளில் இக்கருவியை முதலில் அறிவது வேறு வழியாக. மாப்பிள்ளை ஊர்வலத்தில், பேண்டு வாத்தியக்காரர்களின் முன்வரிசையில் கருங்குழலை ஏந்தி, சினிமாப் பாட்டின் மெட்டை ஊதிக்கொண்டு வருபவரின் கையில் இருப்பது அதுவே. ஊர்வலம் வேண்டுமா வேண்டாவா என்று பெரியவர்கள் ஒருபுறம் வாதிட்டுக்கொண்டிருக்க, சிறுவர்கள் அக்குழலின் பின்னே ஓடியதும் உண்டு. ஆக, சதிரில் ஆடுபவருக்குப் பின்னே. தெருவில் மாப்பிள்ளைக்கு முன்னே. எங்கும் அது பிறர்க்கு ஊழியம் செய்யும் கருவி. தனக்கென மேடை ஏறும் தகுதி அதற்கு உண்டு என்று காட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

அவர் ஏ.கே.சி. நடராஜன். 1931ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் திருச்சியில் பிறந்தார். தந்தையார் சின்னிகிருஷ்ண நாயுடுவும் கிளாரினெட் கலைஞரே. மகனின் பயிற்சியை நோக்கினால் ஒரு நுட்பம் புலப்படும். வாய்ப்பாட்டை ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் கற்றார். புகழ்பெற்ற ஆலத்தூர் சகோதரர்களை உருவாக்கிய ஆசான் அவர். நாகசுரத்தை இலுப்பூர் நடேச பிள்ளையிடம் கற்றார். இலுப்பூர் நம் விராலிமலைக்கு அண்டை ஊர். கிளாரினெட் வாசிக்கப் போகும் இளைஞர் மேனாட்டு இசை கற்கவில்லை. பாட்டையும் நாகசுரத்தையும் கற்றார். அவர் செய்த சோதனை முழுவதும் இதில் அடங்கியிருந்தது என்பது என் கருத்து.

இதன் அருமையை உணர அக்கருவியின் இயல்பைச் சற்று அறிதல் வேண்டும். நாகசுரம் கூம்பு வடிவான குழல். அதன் சீவாளி இரட்டை நாக்குடையது. துளைகள் திறந்தவை, விரலைச் சற்றே நகர்த்தியும் மூச்சைக் கூட்டிக் குறைத்தும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லலாம். கிளாரினெட்டோ நேர்க்குழாய். ஒற்றை நாணல் நாக்கை ஊதுவாயில் கட்டி வாசிப்பர். 1700ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் யோகான் கிறிஸ்டோப் டென்னர் என்பவர் பழைய குழல் ஒன்றைத் திருத்தி இதனை அமைத்தார் என்பர். நாளடைவில் அதன்மீது உலோகச் சாவிகள் பெருகின. சாவி துளையைத் திறக்கும், அல்லது மூடும். நடுவில் நிற்பது அதற்கு எளிதன்று. படிக்கட்டில் ஏறுவது போல் சுரங்களைத் தனித்தனியே எடுத்து வைக்கும் மேனாட்டு இசைக்கு அது பொருத்தம். 1791இல் மோசார்ட் கிளாரினெட்டுக்கென எழுதிய கான்செர்டோவைக் கேட்டவர்கள் அப்படிக்கட்டும் எத்துணை அழகியது என்பதை அறிவர். ஆனால் தோடியின் காந்தாரம் படியில் நில்லாது. அது அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுதான் கமகம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நாகசுரத்தில் அழுத்தி ஊதினால் அதே விரலமைப்பில் மேல்ஸ்தாயியின் அதே சுரம் கிடைக்கும். கிளாரினெட்டில் அவ்வாறன்று. கீழே சட்சமாக இருந்த விரலமைப்பு, மேலே சென்றதும் மேல்ஸ்தாயிப் பஞ்சமமாகிவிடும். எனவே ஒரே இராகத்தைக் கீழே ஒரு விரற்கணக்கிலும் மேலே வேறொரு விரற்கணக்கிலும் வாசித்தாக வேண்டும். இரண்டும் ஒட்டும் இடத்தில் தையல் தெரியக் கூடாது. நடராஜன் வாசிப்பில் அது தெரியவில்லை. உதட்டின் பிடியாலும் விரல் நுனியாலும் அவர் குழலை வளைந்து பேச வைத்தார். கேட்டவர்கள் கிளாரினெட்டை மறந்து நாகசுரத்தை நினைத்தனர். வயலினோடும் மிருதங்கத்தோடும் நிறைவடையாமல் தவிலைத் துணைக்கொண்டு அவர் கச்சேரி செய்ததும் அந்த நினைவை வளர்த்தது.

நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை இவருக்குக் 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் சூட்டினார். பிள்ளையவர்கள் 1956இல் மறைந்தார். எனவே அப்பட்டம் பெற்றபோது நடராஜனுக்கு 26 வயதுகூட நிரம்பியிருக்க வாய்ப்பில்லை. பட்டம் கொடுத்தவர் யார் என்பதையும் எண்ண வேண்டும். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு கூடி நாகசுரத்தின் நீளத்தையும் சுருதியையுமே மாற்றி அமைக்கச் செய்தவர் அவர். கருவி என்பது முன்னோர் கொடுத்தபடியே இருக்க வேண்டும் என்று நம்பாதவர். அவர் இந்த அயல்நாட்டுக் குழலைக் கேட்டுத் தலையசைத்ததில் வியப்பில்லை.

வானொலிப் பணி, நாடெங்கும் கச்சேரிகள் என்று பின்னர் வந்தவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1994இல் சங்கீத நாடக அகாதெமி விருது. 2008இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி. எவரெஸ்ட் என்று அழைக்கப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் அந்தப் பட்டம் வந்தது. அதே காவிரிக் கரையில், திருவரங்கத்தில் வாழ்ந்த நம் ஷேக் சின்ன மௌலானா சாகிபுக்கு அது 1998இல் கிடைத்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார். ஆந்திரத்தின் கரவதியில் பிறந்த அவர், தஞ்சை வழி நாகசுரத்தை நாச்சியார்கோயில் ராஜம் - துரைக்கண்ணு சகோதரர்களிடம் தேடி வந்து கற்றவர். நடராஜன் அயல்நாட்டுக் கருவியைத் தமிழ் வழிக்குக் கொணர்ந்தார் எனில், சாகிபு தமிழ்நாட்டுக் கருவியைத் தேடித் தாமே வந்தார். இன்னாருக்கு இன்ன கருவி என்று வரம்பு கட்டுவோர், இவ்விருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே ஊர்ப்புறத்தில் வாழ்ந்ததை விளக்கியாக வேண்டும்.

நடராஜனுக்குப் பின் யார் என்பதே எஞ்சி நிற்கும் வினா. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத் அதனை இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபம் வரை 1994இல் கொண்டு சென்றார். அவரைப் பின்பற்றி கர்நாடகத்தின் கரையோர ஊர்களில் பலர் சாக்சபோன் எடுத்தனர். கிளாரினெட்டுக்கு அந்த அளவு வாய்க்கவில்லை. அது பிழைத்திருந்த சின்ன மேளம் முன்னரே கலைந்துவிட்டது. பரதநாட்டிய மேடையில் புல்லாங்குழலும் வயலினும் அதன் இடத்தைக் கொண்டன. பேண்டுக் குழுக்களிலும் ஒலிபெருக்கியும் பதிவுப் பாட்டும் புகுந்துவிட்டன. விரலும் உதடும் பழகப் பத்தாண்டு பிடிக்கும் கலைக்கு, பழகி முடித்தபின் நிற்க ஓர் இடம் வேண்டும். பெற்றோர் அதைத்தான் முதலில் கேட்பர்.

2022ஆம் ஆண்டில் நடராஜனுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விராலிமலையின் முத்துக்கண்ணம்மாளுக்கும் அதே ஆண்டில்தான் அது வந்தது. சதிர் மேடையில் ஆடுபவரும் அவருக்குப் பின்னே குழலூதுபவரும் சேர்ந்தே நிற்பது போன்றதே அது.