கைரல்

எப்படித் திருப்பினாலும் தன் ஆடிப் பிம்பத்தோடு முழுமையாகப் பொருந்தாத உருவம் கைரல் எனப்படும். வலக்கையும் இடக்கையும் அத்தகையவை. கிரேக்கத்தில் கையைக் குறிக்கும் 'கெய்ர்' இச்சொல்லின் வேர். தமிழின் 'கை'யோடு ஒலி ஒத்திருப்பது தற்செயல், உறவு இல்லை. படிகங்களின் வடிவியல் பற்றி 1893-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரையில் கெல்வின் பிரபு இச்சொல்லை ஆக்கினார்.

வேதியியலார் நெடுங்காலம் 'சீர்மையற்ற' என்றே எழுதினர். 1960-களில்தான் கைரல் பரவலாயிற்று. பழைய சொல் துல்லியமானதன்று. டார்டாரிக் அமிலத்தின் வலச்சுழல் வடிவத்துக்கு ஒரு சுழற்சி அச்சு உண்டு, அதாவது சீர்மை உண்டு. ஆயினும் அது கைரல்.

உலோக அணைவு வினையூக்கிகளில் சீர்மையின்மைக்கும் கைரல் தன்மைக்கும் உள்ள வேறுபாடு மிக அழகாகத் தெரிகிறது. வேதியியலார் ரியோஜி நொயோரி உருவாக்கிய பைனாப், உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் ஓர் ஈனி. அதில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த 'சீர்மையற்ற' கார்பன் ஒன்றுகூட இல்லை, ஆயினும் அது கைரல். இரு நாப்தலீன் பகுதிகள் ஒன்றுக்கொன்று முறுக்கி நிற்கின்றன. இடநெருக்கடியால் சுழன்று மறுவடிவம் அடைய முடிவதில்லை. அதன் இரு பாஸ்பரஸ் அணுக்களும் ரோடியத்தையோ ருத்தேனியத்தையோ பற்றும்போது, அவற்றோடு இணைந்த பீனைல் தொகுதிகள் உலோகத்தைச் சுற்றிச் சில திசைகளை அடைத்துவிடுகின்றன. வினைபடு மூலக்கூறு எளிதில் அணுகக்கூடிய முகம் ஒன்றே எஞ்சுவதால், ஆடிப் பிம்ப இணையில் ஒன்று மட்டும் மிகுதியாக விளைகிறது. ஜப்பானில் மென்தால் தயாரிப்பில் ரோடியம்–பைனாப் பயன்படுகிறது. 2001-இல் நொயோரி, நோல்ஸ், ஷார்ப்லெஸ் மூவரும் கைரல் வினையூக்கத்துக்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.