விசைப்பலகையும் விரற் சிக்கனமும்

பினாங்கு மாநிலத் தலைநகராம் ஜோர்ஜ் டவுனில், பினாங்கு வீதிக் கிட்டங்கிகளில் நகரத்தார் கைப்பெட்டியின் முன் அமர்ந்து கணக்கெழுதிய காலம் ஒன்றிருந்தது. அதே தீவின் தென்கிழக்கே பாயான் லெப்பாசில், 1972-ஆம் ஆண்டில், இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையை நிறுவியது. கணக்கு, சில்லு என்னும் இவ்விரண்டும் கூடிப் பிறந்ததே இன்று மலிவு விலையில் கிடைக்கும் எண்விசைப் பலகை.

அதன் மூதாதை கூட்டற்பொறியே. அமெரிக்கரான டேவிட் சண்ட்ஸ்ட்ராண்டு 1914 அளவில் உருவாக்கிய பத்து விசைப் பொறியில், எண்கள் மும்மூன்றாக அடுக்கப்பட்டன. கணினிக்கு வந்த எண்விசைகளில் ஏழு, எட்டு, ஒன்பது மேலே நிற்பது அப்பொறிகளின் மரபாகும். 1963-இல் வந்த பொத்தான் தொலைபேசியோ ஒன்று, இரண்டு, மூன்றை மேலே வைத்தது. இரண்டையும் மாறி மாறிப் பழகும் விரல்கள் தடுமாறுவதில் வியப்பில்லை.

தமிழுக்கு வந்த இடர் வேறு வகையினது. எழுத்துகள் 247; தட்டச்சுப் பொறியின் விசைகளோ ஐம்பதிற்கும் குறைவு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, 1907-இல் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா இச்சிக்கலை அவிழ்த்தார். சில விசைகளை அழுத்தினால் தாள் நகராதபடி அமைத்தார். புள்ளியை முதலில் தட்டி, எழுத்தைப் பின்னர் தட்டினால், இரண்டும் ஓரிடத்திற் பொருந்தும். எழுதும் முறைக்கு இது தலைகீழ்தான். எனினும் அலுவலகத் தமிழ் பல்லாண்டுகள் இவ்வழியிலேயே நடந்தது.

கணினி வந்தபின் தலைகீழாகத் தட்டும் கட்டாயம் நீங்கியது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில், உயிர் பெரும்பாலும் இடக்கைக்கும் மெய் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியன. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ எனத் தட்டினாற் போதும். முதல் மகரத்திற்குப் புள்ளி தானே வந்து அமையும். முத்தையா தேடிய சிக்கனத்தை மென்பொருள் இங்ஙனம் நிறைவேற்றியது.

விசை எழுத்தை அனுப்புவதில்லை. தன் எண்ணை மட்டுமே அனுப்புகின்றது என்பதே இங்கு அறியவேண்டிய உண்மை. 1981-இல் வந்த ஐபிஎம் கணினியின் விசைப்பலகைக்குள்ளேயே இன்டெல் 8048 என்னும் சிறு கட்டுப்படுத்தி அமர்ந்து இவ்வேலையைச் செய்தது. இன்றைய நிரலிடத்தக்க எண்பலகையும் அவ்வாறே. ஒரு விசைக்குப் பல விசைகளின் தொடரை அதன் நினைவகத்தில் பதித்து வைக்கலாம். நகலெடுத்தல், ஒட்டுதல், சேமித்தல் முதலிய குறுக்குவழிகளுக்கு இது பெரிதும் உதவும்.

தமிழாசிரியர் ஒருவர் ‘அம்மா’ என்னும் சொல்லையே ஒரு விசையில் பதிக்க விரும்பினால் என்ன நிகழும்? கணினி தமிழ்99 நிலையிலிருக்கும்போது சொல் ஒழுங்காக வரும். ஆங்கில நிலையிலிருந்தாலோ ஏ, கே, கே, கியூ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகள் திரையில் நிற்கும். பலகையைப் பழுதென்று கடைக்குத் திருப்பிக் கொண்டு செல்வோரும் உண்டு, குற்றம் பலகையினதன்று.

மலிவான பலகைகள் பல, வெறும் எண்விசைகளையே அனுப்புவன. பெரிய பலகையின் எண்விசைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையைச் சாதாரண மென்பொருள் உணர்வது அரிது. ஆதலின் எஃப்13 முதல் எஃப்24 வரையான விசைகளை அனுப்புமாறு நிரலிடத்தக்க பலகையை வாங்குவதே அறிவுடைமை. அவ்வெண்கள் தரவரையில் உள்ளன. இன்றைய பலகைகளிலோ அவற்றுக்குரிய விசைகள் பெரும்பாலும் இல்லை. எனவே வேறு ஆணைகளுடன் அவை பெரும்பாலும் மோதா. எஃப்13 வந்தால் இன்ன தமிழ்த் தொடரை இடுக என்று கணினியின் மென்பொருளுக்குச் சொல்லிவைத்தால், அது ஆங்கில நிலையிலிருந்தாலும் தமிழே வரும். தேர்வுத்தாளின் தலைப்பு, மதிப்பெண் பட்டியலின் குறிப்பு, பெற்றோர்க்கான கடிதத்தின் முகப்பு ஆகியன ஒரே தட்டில் தாளேறிவிடும்.