ஓஸ்லோ உடன்படிக்கை

இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் முதன்முறையாக ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டு 1993இல் செய்துகொண்ட ஒப்பந்தம். 1995இல் கையெழுத்தான தொடர் ஒப்பந்தமும் இப்பெயரிலேயே வழங்குகிறது.

1987இல் காசாவில் வெடித்த முதல் இன்டிஃபாடா என்னும் பாலஸ்தீன எழுச்சி, பாலஸ்தீனப் பகுதிகள் மீதான ஆக்கிரமிப்பைப் படைபலத்தால் மட்டும் நீட்டிக்க முடியாது என்பதை இஸ்ரேலியர் பலருக்கு உணர்த்தியது. விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அராபத்தோ வளைகுடாப் போரில் சதாம் உசேன் பக்கம் சாய்ந்து, எண்ணெய் வள அரபு நாடுகளின் பண உதவியை இழந்து துனிசில் தனித்து நின்றார். இரு தரப்பும் தளர்ந்திருந்த வேளையில், 1993 ஜனவரியில் நார்வேயின் சார்ப்ஸ்போர்க் அருகே ரகசியப் பேச்சு தொடங்கியது. யாயிர் ஹிர்ஷ்ஃபெல்ட், ரோன் புண்டாக் என்ற இரு இஸ்ரேலியக் கல்வியாளர்கள் ஒருபுறம். அராபத்தின் நம்பிக்கைக்குரிய அகமது குரை மறுபுறம். நார்வேத் தம்பதியரான தெர்யே ரோட்-லார்சனும் மோனா யூலும் பாலமாக நின்றனர். எதிரிகள் ஒரே கூரையின்கீழ் தங்கி, சேர்ந்து உண்டு பேசினார்கள். அதுவரை விடுதலை இயக்கத்தாரைச் சந்திப்பதே இஸ்ரேலியருக்குச் சட்டப்படி குற்றமாக இருந்தது என்பதை நினைத்தால் அந்தத் துணிவின் அளவு புரியும்.

அந்தப் பேச்சின் பயனாக, செப்டம்பர் 9 தேதியிட்ட அங்கீகாரக் கடிதங்கள் பரிமாறப்பட்டன. செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சர் சிமோன் பெரஸும் விடுதலை இயக்கத்தின் மஹ்மூத் அப்பாஸும் கையெழுத்திட, அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் முன்னிலையில் இஸ்ரேலியப் பிரதமர் இட்சாக் ராபினும் அராபத்தும் கைகுலுக்கினர்.

அந்தக் கடிதங்களிலேயே சமமின்மை இருந்தது. அராபத் இஸ்ரேல் நாட்டின் வாழும் உரிமையை ஏற்றார். ராபின் விடுதலை இயக்கத்தைப் பாலஸ்தீனரின் பிரதிநிதியாக மட்டுமே ஏற்றார். பாலஸ்தீன நாடு அமையும் என்ற உறுதி ஒப்பந்தத்தில் இல்லை. யூதக் குடியேற்றங்களை நிறுத்தும் விதியும் இல்லை. ஜெருசலேம், அகதிகள், எல்லை, குடியேற்றங்கள் எல்லாம் ஐந்தாண்டு இடைக்காலத்துக்குள் நடக்கவேண்டிய இறுதிநிலைப் பேச்சுகளுக்குத் தள்ளப்பட்டன. நம்பிக்கை வளர்ந்தபின் கடினமானவை எளிதாகும் என்று எண்ணினார்கள். சமாதானத்தை வேண்டாதவர்களுக்கே அந்த அவகாசம் அதிகம் பயன்பட்டது.

1994 பிப்ரவரியில் ஹெப்ரோனின் இப்ராகிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை யூதக் குடியேறி ஒருவர் சுட்டுக் கொன்றார். ஒப்பந்தத்தை எதிர்த்த பாலஸ்தீன அமைப்பான ஹமாஸின் தற்கொலைக் குண்டுகள் இஸ்ரேலியப் பேருந்துகளைச் சிதறடித்தன. 1995 நவம்பர் 4 அன்று டெல் அவிவில் சமாதானப் பேரணி முடிந்து இறங்கிவந்த ராபினை யூதத் தீவிரவாதி யிகால் அமீர் கொன்றார். அந்த இழப்பிலிருந்து இம்முயற்சி மீளவே இல்லை.

2000 ஜூலை கேம்ப் டேவிட் மாநாடு முறிந்து, செப்டம்பரில் இரண்டாம் இன்டிஃபாடா மூண்டது. 2001இல் தாபா, 2007இல் அனாபொலிஸ், 2013–14இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரியின் முயற்சி என எதுவும் இறுதி ஒப்பந்தமாகவில்லை. 1993இல் சுமார் 1.1 லட்சமாக இருந்த மேற்குக் கரைக் குடியேறிகள், கிழக்கு ஜெருசலேம் நீங்கலாகவே இன்று 5 லட்சத்தைத் தாண்டிவிட்டனர். ஹமாஸ் நடத்திய 2023 அக்டோபர் 7 தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேரும், தொடர்ந்த போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கானோரும் மாண்டனர்.

இடைக்காலம் 1999 மே மாதத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1995 ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என மூன்று பகுதிகளாகப் பிரித்த வரைபடம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சுமார் 60 விழுக்காடு நிலம் கொண்ட சி பகுதியில், தன் வயலருகே ஓர் அறை கட்ட நினைக்கும் பாலஸ்தீன விவசாயி இப்போதும் இஸ்ரேலிய ராணுவ நிர்வாகத்திடம்தான் அனுமதி கேட்கவேண்டும்.