ஒக்காசியோன்

சென்ற மாதம் மகள் வயிற்றுப் பேரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "தாத்தா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பைக் வாங்கணும். கையில நாப்பதாயிரம் இருக்கு. இதுவரைக்கும் ஃபிரண்ட் வண்டியத்தான் நாலு தடவ ஓட்டியிருக்கேன். எத வாங்கலாம்?"

பையன் என்னிடம் வந்து கேட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவன் பாட்டி உள்ளேயிருந்து, "நல்ல ஆளப் பாத்துக் கேட்ட போ" என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைச் சொல்ல வேண்டுமானால் ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் பழைய வண்டியை 'பழையது' என்று சொல்வதில்லை. 'ஒக்காசியோன்' என்பார்கள். அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் வாய்ப்பு, சந்தர்ப்பம். 'மோத்தோ தொக்காசியோன்' என்றால் கைமாறி வருகிற மோட்டார் சைக்கிள். நல்ல வாய்ப்பாகவும் அமையலாம், தலையில் கட்டப்பட்டதாகவும் அமையலாம். எனக்கு இரண்டும் வாய்த்தன.

என் சின்ன வயதில் புதுச்சேரி சைக்கிள் ஊர். அவசரத்துக்கு ரிக்‌ஷா, பெரிய மனிதர்களுக்குப் புஷ் வண்டி. எங்கள் தெருவில் முதன்முதலில் இன்ஜின் சத்தம் கேட்டது ஒரு சொல்தா வீட்டிலிருந்து. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை நாம் அப்படித்தானே சொல்வோம். அவரிடம் ஒரு மொபிலெத் இருந்தது. சைக்கிளுக்கு மீசை முளைத்த மாதிரி ஒரு வண்டி. பெடலை மிதித்துக் கிளப்ப வேண்டும். அந்த மொபிலெத்தைச் செய்த பிரெஞ்சுக் கம்பெனி மோத்தோபெக்கான். அதன் கூட்டுறவில்தான் பின்னாளில் திருப்பதியில் சுவேகா மொபெட் தயாரானது. சுவேகாவை முதலில் பார்த்தபோது, நம் தெரு மொபிலெத்தின் தம்பி மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். உண்மையாகவே தம்பிதான்.

மோட்டார் சைக்கிள் என்றால் அப்போது மூன்று பெயர்கள். முதலாவது புல்லட். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சிசி புல்லட் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதையொட்டி 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். இரண்டாவது ஜாவா, செக்கோஸ்லோவாக்கியா வண்டி. 1960-களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா என்ற பெயரில் தயாரானது. அதுவே எழுபதுகளில் யெஸ்டி ஆனது. மூன்றாவது ராஜ்தூத். போலந்து நாட்டு வண்டியை அடியொற்றி எஸ்கார்ட்ஸ் கம்பெனி செய்த 175 சிசி வண்டி. பால்காரர்கள் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு போவார்களே, அதுதான்.

இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாத ஒன்று உண்டு. எங்கள் காலத்தில் பணம் இருந்தால் வண்டி கிடைத்துவிடாது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கும் டில்லியில் லைசென்ஸ் வாங்க வேண்டிய காலம் அது. 1972-இல் வந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பிள்ளை பிறந்ததும் பதிவு செய்தால் பள்ளிக்கூடம் சேர்க்கும்போது வண்டி வரும் என்று ஆபீஸில் கேலி பேசுவோம். இதனால் ஒரு விசித்திரம் நடந்தது. அலாட்மெண்ட் கிடைத்தவர் வண்டியை எடுத்த கையோடு விற்றால், வாங்கிய விலைக்கு மேலேயே கிடைக்கும். செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டர் புதியதைவிட விலை அதிகம்!

மோட்டார் சைக்கிளுக்கு அவ்வளவு அடிதடி இல்லை. அதோடு, 1973 கடைசியில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்து பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியது. அதைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போன படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் குடிக்கிற வண்டியைக் கட்டி மேய்க்க முடியாமல் விற்றவர்கள் உண்டு. என்னைப் போன்ற குமாஸ்தாவின் கைக்கு எட்டியது அப்படிப்பட்ட பழைய மோட்டார் சைக்கிள்தான். நாங்கள் வண்டியைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைவிட, காலம் எங்களுக்கு ஒதுக்கியதை எடுத்துக்கொண்டோம் என்பதே சரி.

1976. எனக்கு வயது இருபத்தேழு. 260 ரூபாயில் தொடங்குகிற சம்பள விகிதம். படிகளெல்லாம் சேர்த்து மாதம் நானூற்றுச் சொச்சம் வரும். கடலூர்ப் பக்கம் ஒரு ஜாவா விலைக்கு இருப்பதாகப் புரோக்கர் சொன்னார். "சிங்கிள் ஓனர் சார். இன்ஜின்ல கை படல." சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மெரூன் நிறம், பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். ஒரே மிதியில் கிளம்பியது. ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே லீவர்தான். மேலே தூக்கினால் கிக்கர், மடக்கினால் கியர். அந்த வித்தையைப் பார்த்தே மயங்கிவிட்டேன். 2,300 ரூபாய். கட்டிய சீட்டை எடுத்து 1,500 ஆயிற்று. மீதிக்கு என் மனைவியின் வளையல் இரண்டு போனது. திருமணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தேனா? பார்த்தேன். பெயர் சரி, இன்ஜின் நம்பர் சரி, வரி கட்டிய முத்திரை சரி. உள்ளே ஒரு பக்கத்தில் வண்டி ஹயர் பர்ச்சேஸில் இருப்பதாக ஒரு பதிவு இருந்தது. அந்தப் பக்கத்தை நான் திருப்பவில்லை. பெயர் மாற்றத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் மெதுவா பண்ணிக்கலாம் சார், ஓனர் நம்ம ஆளு" என்றார் புரோக்கர். நானும் மெதுவாகப் பண்ணிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

லாஸ்பேட்டையில் ஆள் நடமாட்டம் இல்லாத மண்சாலையில் இரண்டு வாரம் ஓட்டிப் பழகினேன். முழங்கால் இரண்டும் தேய்ந்தன. நான்கு மாதம் ராஜா மாதிரி ஆபீஸ் போனேன். ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு பேர் கையில் காகிதத்தோடு வீட்டு வாசலில் நின்றார்கள். முன்னாள் ஓனர் பைனான்ஸுக்குக் கட்ட வேண்டிய தவணையில் பாதிக்கு மேல் கட்டவில்லை. சட்டப்படி வண்டி இன்னும் அவர்களுடையது. சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. சாவியைக் கேட்டார்கள், கொடுத்தேன். தெருவே திண்ணையில் நின்று பார்த்தது. புரோக்கரைத் தேடிப் போனபோது அவர் வீடு மாறியிருந்தார்.

அப்பா பிரெஞ்சுக் காலத்து எழுத்தர். அன்று மாலை வரை ஒன்றும் பேசவில்லை. விளக்கு வைத்த பிறகு கேட்டார்: "நீ ஆபீஸ்ல என்ன வேலப்பா பாக்குற?"

நான் பதில் சொல்லவில்லை. காகிதம் பார்க்கிற வேலை.

காகிதத்தின் அருமையை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பெரியப்பா கையெழுத்துப் போட்டார். அப்பா போடவில்லை. இன்று அவர் பேரப்பிள்ளைகள் பாரீஸில், நாங்கள் இங்கே. ஒரு கையெழுத்தில் குடும்பம் இரண்டு தேசமானதைப் பார்த்து வளர்ந்தவன், ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் மனைவியின் வளையலைத் தொலைத்தேன்.

அடுத்த வண்டி வாங்க மூன்று வருஷம் ஆயிற்று. இந்த முறை முத்தியால்பேட்டையில் கடை வைத்திருந்த மெக்கானிக் பாயிடம் போனேன். "தம்பி, நீங்க வண்டிய முடிவு பண்ணிட்டு எங்கிட்ட வராதீங்க. எங்கிட்ட வந்துட்டு வண்டிய முடிவு பண்ணுங்க" என்றார். எனக்குப் புல்லட் மேல் ஒரு கண். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நிறுத்தின வண்டில ஒக்காந்தா ரெண்டு காலும் முழுசா தரையில படணும். சாஞ்சா தாங்கிப் பிடிக்க முடியணும். புல்லட்ட நீங்க ஓட்ட மாட்டீங்க, அதுதான் உங்கள ஓட்டும்." அதோடு புல்லட்டுக்கு அப்போது கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பிறகு மிதிக்க வேண்டும். தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும்.

வில்லியனூரில் ஒருவரிடம் ராஜ்தூத் இருந்தது. பாய் என்னைக் காலை ஆறரை மணிக்கே கூட்டிப்போனார். போனதும் முதல் வேலையாக இன்ஜினைக் கையால் தொட்டார். ஜில்லென்று இருந்தது. "சூடா இருந்தா நமக்கு முன்னாடியே கிளப்பி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். சூடான இன்ஜின் பொய் சொல்லும்." சாயங்காலம் போய் ஜாவாவை ஒரே மிதியில் கிளப்பியது நினைவுக்கு வந்தது.

பிறகு முன் சக்கரத்தைக் காலிடுக்கில் பிடித்து ஹேண்டில்பாரை ஆட்டிப் பார்த்தார். பின்னால் தரையில் குத்துக்காலிட்டு, இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கோணலாக இருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது. செயினைப் பின் பல்சக்கரத்திலிருந்து இழுத்துப் பார்த்தார். விலகி வந்தால் தேய்ந்துவிட்டது. புகையைப் பார்த்தார். ராஜ்தூத், ஜாவா போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவதால் கொஞ்சம் புகை வரத்தான் செய்யும். புல்லட் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக்கில் நீலப் புகை வந்தால் ரிங், பிஸ்டன் செலவு காத்திருக்கிறது. கடைசியாக, ஒரு துணியில் மண்ணெண்ணெய் தொட்டு இன்ஜினில் குத்தியிருந்த நம்பரைத் துடைத்தார். "புக்க நீங்க படிங்க தம்பி, அது உங்க வேல." அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன். கடன் பதிவு இல்லை. அன்றைக்கே பாரத்தில் கையெழுத்து வாங்கி, அந்த வாரமே பெயர் மாற்றினேன்.

வீடு வந்ததும் பாய் இன்னொன்று சொன்னார். கையில் இருக்கிற பணத்தையெல்லாம் வண்டிக்கே கொடுத்துவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கை டயர், பேட்டரி, செயின், கேபிள் செலவுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். பழைய வண்டி வந்த முதல் மாதம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

அந்த ராஜ்தூத்தில்தான் என் மகளைப் பள்ளியில் விட்டேன். அப்பாவைக் கோரிமேட்டு ஜிப்மருக்கு அழைத்துப் போனதும் அதில்தான். பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்து ஒரு முறை திண்டிவனம் ரோட்டில் பிஸ்டன் ஜாம் ஆனது. அது வண்டியின் தப்பு அல்ல. பால்கார வண்டி என்று ஆபீஸில் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் எந்த ஊரிலும் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றத் தெரிந்த ஆள் இருந்தான். புதிதாக ஓட்டுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

1984-க்குப் பிறகு எல்லாம் தலைகீழானது. ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985-இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100. எடை குறைவு, மைலேஜ் அதிகம். ஹீரோ ஹோண்டா ஃபோர் ஸ்ட்ரோக் ஆதலால் பெட்ரோலில் ஆயில் கலக்கவே வேண்டாம். கனமான பழைய வண்டிகளைப் பிறகு கேட்பாரில்லை. 1996-இல் மைசூர் தொழிற்சாலையும் மூடிவிட்டார்கள். இப்போது அதே ஜாவாவையும் ஆர்எக்ஸ் 100-ஐயும் பையன்கள் கொள்ளை விலை கொடுத்துத் தேடுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

பேரனுக்கு வருகிறேன். அவனும் முதலில் பெரிய வண்டி ஒன்றின் படத்தைத்தான் காட்டினான். 110, 125 சிசியில் சாதாரண வண்டியாகப் பார், ஊரெல்லாம் உதிரி பாகம் கிடைப்பதாகப் பார் என்றேன். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியானால் நல்லது. அப்போதிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ், அதற்குக் கீழே இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற பிரேக் கட்டாயம். புது ஆளுக்கு அது பெரிய துணை. வில்லியனூரில் இருந்தாலும் விழுப்புரத்தில் இருந்தாலும் வண்டி ஒன்றுதான், ஆனால் காகிதம் வேறு. தமிழ்நாட்டு நம்பர் வண்டியானால் அங்கிருந்து என்.ஓ.சி. வாங்காமல் இங்கே பெயர் மாற்ற முடியாது. பெயர் மாற்றாமல் விடுவது விற்றவருக்கும் ஆபத்து. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது.

அவன் பிடித்த வண்டியை இரண்டு பேருமாகக் காலையிலேயே போய்ப் பார்த்தோம். இன்ஜினைத் தொட்டேன், ஜில்லென்றுதான் இருந்தது. பையனுக்கு வண்டி ரொம்பப் பிடித்துவிட்டது. ஆர்.சி. இப்போது அட்டையாகிவிட்டதே, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பிப் பார்த்தேன். கடன் பதிவு அப்படியே இருந்தது. "கட்டி முடிச்சாச்சு சார், அது எடுக்காம கெடக்கு" என்றார் விற்பவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "முடிச்சிருந்தா லெட்டர் இருக்கும் தம்பி. அதக் கொடுத்து ஆர்.டி.ஓ.வுல எடுத்துட்டுச் சொல்லுங்க, வந்து பணம் கொடுக்கறோம்" என்று எழுந்துவிட்டேன். வழியெல்லாம் பேரன் பேசவில்லை. வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று அவனுக்குக் கவலை.

பதினேழு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பதிவு நீங்கிவிட்டது. 34,000-க்கு முடித்தோம். மீதி ஆறாயிரத்தில் முன் டயரும், தலைக்கு நல்ல ஹெல்மெட்டும், பெயர் மாற்றச் செலவும்.

வண்டி வாசலில் வந்து நின்றதும் என் மனைவி வெளியே வந்து பார்த்தாள். பேரனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "புக்கு உன் பேருல இருக்கா?"

உங்கள் முதல் வண்டி எது, யாரிடம் வாங்கினீர்கள்? நினைவிருப்பவர்கள் எழுதுங்கள்.