பிள்ளை பிடிக்கிறவன்: லண்டன் முதல் பரங்கிப்பேட்டை வரை

"ஒழுங்கா சாப்பிடு, இல்லைன்னா பிள்ளை பிடிக்கிறவன் வந்து சாக்குல போட்டுக் கட்டிட்டுப் போயிடுவான்." இதைக் கேட்காம வளர்ந்தவங்க நம்ம ஊர்ல ரொம்பக் கம்மி. இன்னைக்கு எபிசோடுல அந்த ஆளைத்தான் தேடப்போறோம்.

முதல்ல லண்டன். விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்தது 1837-ல். அதே வருஷம் லண்டன் புறநகர்ல ஒரு வதந்தி கிளம்புது: ராத்திரியில ஒரு உருவம் திடீர்னு பாய்ந்து பெண்களை மிரட்டுது, மதில் சுவரைத் தாண்டிக் குதிச்சு மறைஞ்சிடுது. 'குதிகாலில் ஸ்பிரிங் வைத்த ஜாக்'னு பேர் வெச்சாங்க. 1838 ஜனவரியில் லண்டன் மேயரே இதுபற்றி வந்த ஒரு மொட்டைக் கடிதத்தைப் பொதுவில் அறிவித்தார். அடுத்த மாதம் ஓர் இளம்பெண், வாசலுக்கு வந்தவன் வாயிலிருந்து நீல நெருப்பு கக்கினான், இரும்பு நகத்தால் கிழித்தான் என்று புகார் கொடுத்தார். கடைசிவரை ஜாக் யாரென்று நிரூபணம் ஆகவில்லை. கதைப் புத்தகம், நாடகம், குழந்தைகளை மிரட்டும் பூச்சாண்டி என்று பல வருஷம் அவன் வாழ்ந்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பிச்சாவரத்துல சுரபுன்னைக் காட்டுக்குள்ள படகுல போயிருப்பீங்க. அந்தக் காயல் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கு. வெள்ளாற்று முகத்துவாரத்துல பரங்கிப்பேட்டை. இன்னும் வடக்கே, இப்ப சில்வர் பீச்னு நாம செல்ஃபி எடுக்கிற கடலூர் தேவனாம்பட்டினம். தெற்கே காரைக்கால், நாகப்பட்டினம். இந்தக் கரையில ஆள் பிடிக்கிறவன் நிஜமாவே இருந்தான்.

1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் படையெடுப்பு, கூடவே பஞ்சம். சோறு இல்லாத குடும்பங்கள் பிள்ளைகளையும் தங்களையுமே விற்றுக்கொண்டன. டச்சுக் கம்பெனி அவர்களை வாங்கிக் கப்பலேற்றி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும், அனுப்பியது. அந்த மூன்று வருஷத்தில் மட்டும் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள் சுமார் 8,000 முதல் 10,000 பேர் என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கணக்கு.

அடுத்து 1743, புதுச்சேரி. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் ஓர் ஆள்கடத்தல் கும்பலைப் பற்றி எழுதுகிறார். வேலை தருவதாகச் சொல்லி அழைத்துப் போவது, வெற்றிலைக்குக் கொடுக்கும் சுண்ணாம்பில் மயக்கப் பொடி கலப்பது, மொட்டையடித்து, காலில் விலங்கு மாட்டி, கப்பலுக்கு அனுப்புவது. கவனிச்சீங்களா? 'மயக்க மருந்து கொடுத்துத் தூக்கிட்டுப் போவான்'ங்கிற கதைக்கு கிட்டத்தட்ட 280 வருஷ வயசு!

19-ம் நூற்றாண்டில் அடிமை வியாபாரம் போய், ஒப்பந்தக் கூலி வந்தது. 1834 முதல் மொரீஷியஸுக்குக் கப்பல்கள் போயின. லண்டன் ஜாக்கைத் தேடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், ஏமாற்றிக் கூட்டிப் போகிறார்கள் என்ற புகார்கள் குவிந்து, 1839-ல் அரசு அந்தப் பயணத்தைத் தடை செய்தது. மூன்றே வருஷத்தில், 1842-ல், மறுபடியும் திறந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன் தீவுக்கும் ஆட்கள் போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஊரில் காத்திருந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? பிள்ளையை யாரோ பிடிச்சிட்டுப் போயிட்டான், அவ்வளவுதான்.

பயம் அதோட நிக்கலை. 1870-களில் கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் மேல் பாலம் கட்டினப்போ, ஒவ்வொரு தூணுக்கு அடியிலும் குழந்தைகளின் தலையைப் புதைக்கிறாங்கன்னு வதந்தி பரவியது. 'பாலத்துக்குத் தலை கேக்குது'ன்னு நம்ம பாட்டிமார் சொன்னதும் இதே ரகம்தான்.

அதனால, ஜாக் மாதிரி நம்ம ஆள் வெறும் கட்டுக்கதை இல்லை. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. நிஜத்துல ஆள் பிடிச்சவன் பின்னாடி கம்பெனி, கப்பல், கணக்குப் புத்தகம் எல்லாம் இருந்தது. கதையில் அதெல்லாம் உதிர்ந்துபோய், அழுக்குச் சட்டையும் சாக்குமூட்டையுமா ஒரு ஏழை வழிப்போக்கன் மட்டும் மிஞ்சினான்.

அதன் விலையை 2018 மே மாதம் பார்த்தோம். வாட்ஸ்அப்பில் 'பிள்ளை பிடிக்கும் கும்பல்' ஃபார்வர்டுகள் பறந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினர்களோடு வந்த 65 வயது சென்னைப் பெண்மணி, வழியில் பார்த்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அடித்தே கொன்றது. இப்படிப் பல மாநிலங்களில் கொலைகள் நடந்த பிறகுதான், அந்த ஜூலையில், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

உங்க குடும்ப குரூப்புக்கும் இந்த ஃபார்வர்டு மறுபடி வரும். வந்தா, எந்த ஊர், எந்தத் தேதி, எந்த போலீஸ் ஸ்டேஷன்னு கேளுங்க. குழந்தை நிஜமாவே ஆபத்துல இருக்குன்னு தோணினா 1098-க்கு போன் பண்ணுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.